மயிலிட்டித் துறையும் ஆழ்கடல் படிப்பும்: அன்றும் இன்றும்

மயிலிட்டித் துறைமுகத்தில் இன்று நிற்கிற படகுகளைப் பார்த்தாலே வடகடலின் கடந்த முப்பத்தைந்து ஆண்டுக் கதை விளங்கிவிடும். ஐஸ் அறையும் படுக்கையும் சமைக்க இடமும் உள்ள பலநாள் படகுகள் கரையோரம் நிற்கும். அவற்றில் பல தென்னிலங்கையிலிருந்து வந்தவை. இன்னொரு பக்கம், எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட இந்திய இழுவைப்படகுகள் வெயிலிலும் உப்புக்காற்றிலும் இற்றுக்கொண்டு கிடக்கும். ஊரவர் கையில் பெரும்பாலும் இருப்பது வெளியிணைப்பு மோட்டர் பூட்டிய சிறிய பைபர் படகுதான். கடலைப் படிப்பதற்கென்று ஒரு கலம் அங்கே இல்லை. அந்த இல்லாமையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். துறைமுகம் திருத்தப்படுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தத் துறையிலிருந்து ஆழ்கடலை ஆராயப் புறப்படக்கூடிய ஒரு பிள்ளைக்கு யார் துணை நிற்கப்போகிறார்கள் என்று பேசுவோர் அரிது.

1990க்கு முந்திய மயிலிட்டி வடபகுதியின் முதன்மையான மீன்பிடித் துறைகளில் ஒன்று. 1950களின் கடைசியில் கடற்றொழில் திணைக்களம் கொண்டுவந்த மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர் விரைவாகக் கையேற்றுக்கொண்டார்கள். 1960களின் பிற்பகுதியில், நோர்வேக்குப் போய்வந்த அன்ரனி ராஜேந்திரம் காரைநகரில் தொடங்கிய சீநோர், பைபர் படகு கட்டுவதை இந்தக் கரைக்கே கொண்டுவந்தது. அறக்குளாவும் சூரையும் பாரையும் ஐஸ் போட்டு லொறியிலும் ரயிலிலும் கொழும்புக்குப் போன காலம் அது. வாடை எப்போது கடலைக் குழப்பும், சோளகம் எப்போது தணியும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தால் வலையை எங்கே விடவேண்டும் என்பதெல்லாம் பதினைந்து வயதுப் பையனுக்கும் தெரிந்திருந்தது. அப்படிச் சேர்ந்த அறிவு பெரியது. அதைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகும் வழிதான் ஊருக்குத் தெரியவில்லை.

இடத்தின் அமைப்பையும் சொல்லவேண்டும். மயிலிட்டிக்கு வடக்கே, தமிழ்நாட்டுக் கரை வரை விரிந்து கிடப்பது ஆழமற்ற கடல். கிழக்கே பருத்தித்துறையைத் தாண்டினால் பேதுரு கடல்மேடை. அதற்கும் அப்பால் தரை சரிந்து வங்கக் கடலின் ஆழத்துக்குள் இறங்குகிறது. இன்னும் தெற்கே திருகோணமலையில் துறைமுகத்து வாசலிலேயே தொடங்கி 3,000 மீற்றருக்கும் கீழே போகும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. உலகத்துப் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் அதுவும் ஒன்று. ஆக, நமக்கு ஆழ்கடல் தூரதேசத்துச் சமாச்சாரம் அல்ல. ஒரு பலநாள் படகு போய்வரும் எல்லைக்குள் கிடக்கிற கடல் அது.

பேதுரு கடல்மேடையை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தது 1920களில் லில்லா என்ற இழுவைக்கப்பல். மால்பாஸ் என்ற ஆங்கில அதிகாரியின் கீழ் நடந்த அந்த ஆய்வு, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எந்த மீன் என்று பதிவுசெய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்த மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தில் தமிழர் சிலர் முன்னணிக்கு வந்தார்கள். எஸ். சிவலிங்கம் 1950களில் கனடிய விஞ்ஞானி மெட்கொஃபுடன் சேர்ந்து வாட்ஜ் கடல்மேடையின் மீன்வளத்தைப் பற்றி எழுதினார். க. சிவசுப்பிரமணியம் சூரை மீன் ஆராய்ச்சியில் பெயர்பெற்று, பின்னர் வங்காள விரிகுடா நாடுகள் அனைத்துக்குமான மீன்பிடித் திட்டத்தில் பணிபுரிந்தார். இவர்கள் இருவரும் வெறும் திறமையால் மட்டும் எழும்பவில்லை. கொழும்புத் திட்டம் என்ற உதவி ஏற்பாடு இருந்தது, வெளிநாட்டுக் கலங்கள் வந்தன, இளையவர்களுக்கு அவற்றில் இடம் கிடைத்தது, எழுதியதை வெளியிட நிலையத்துக்கென்று ஒரு வெளியீடும் இருந்தது. ஓர் இளம் ஆய்வாளருக்கு வேண்டிய நாலைந்து காரியம் அன்றைக்கு ஒரே கூரையின் கீழ் கிடைத்தன.

அதே காலத்தில் அக்கரையில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1960களின் முற்பாதியில் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்தது. பல நாட்டுக் கப்பல்கள் இந்தக் கடலை அளந்தன. அந்தக் கப்பல்கள் அள்ளிவந்த மிதவையுயிர் மாதிரிகளை வகைபிரிக்கக் கொச்சியில் ஒரு நிலையம் திறந்தார்கள். இளம் இந்தியப் பட்டதாரிகள் உருப்பெருக்கியின் முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு உயிராகப் பிரித்து எண்ணினார்கள். 1966 ஜனவரியில் இந்தியாவின் தேசியப் பெருங்கடலியல் நிறுவனம் உருவானபோது, கொச்சி நிலையமும் அங்கே பழகிய ஆட்களும் அதற்குள் சேர்ந்தார்கள். பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பேராசிரியர் ஆர். வி. சேஷையாவின் முயற்சியில் 1961இல் எழுந்ததும் இதே காலத்தில்தான். கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன. மாதிரிகளும் மேசையும் பழகிய கைகளும் இந்தியாவில் தங்கின. இலங்கையின் துறைமுகங்களுக்கும் அந்தக் கப்பல்கள் வந்து போயின. அதைப் போன்ற ஒரு மேசையை நாம் இங்கே போட்டுக்கொள்ளவில்லை.

சட்டத்தில் நாம் பின்தங்கியிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட மாநாட்டுக்கு 1980இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. வங்கக் கடலின் அடியில் கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மிகத் தடிப்பானது; சாதாரண விதிப்படி எல்லை வகுத்தால் இலங்கைக்கு நட்டம். அதற்காகத் தனி விதிவிலக்கு ஒன்றை வாதாடிப் பெற்றவர்களில் முக்கியமானவர் கிறிஸ்தோபர் பின்டோ. அந்த விதிவிலக்கை வைத்துத்தான் 2009 மே 8ஆம் திகதி, நீட்டிக்கப்பட்ட கண்டமேடைக்கான உரிமைக் கோரிக்கையை இலங்கை ஐ.நா.விடம் கொடுத்தது. வன்னிக் கரையில் போர் அதன் கடைசிக் கோரத்தை எட்டியிருந்த அதே மாதம். கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. 2024 ஜனவரியில் இந்தியா சர்வதேசக் கடற்படுகை அதிகாரசபையிடம் விண்ணப்பித்த அஃபனாசி நிகித்தின் கடலடி மலை, இலங்கை தனதென்று கோருகிற அந்தப் பரப்புக்குள்தான் கிடக்கிறது. கோபால்ற்று நிறைந்த படிவு அங்கே உண்டு. சட்ட வாதத்தில் அன்று முன்னே நின்ற நாடு, அந்த மலையின் அடியில் என்ன உயிர் வாழ்கிறது என்று தன் சொந்த ஆளைக்கொண்டு சொல்ல முடியாத நிலையில் இன்று நிற்கிறது.

பழைய காலத்துக்குத் திரும்புவோம். 1978 முதல் 1980 வரை நோர்வேயின் டொக்டர் ஃப்ரிட்யொவ் நான்சென் ஆய்வுக்கப்பல் மூன்று முறை இலங்கைக் கடலைச் சுற்றி மீன்வளத்தை மதிப்பிட்டது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கி வளர்ந்துகொண்டிருந்தது. இப்படியே போயிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1990 ஜூன் நடுப்பகுதியில், போர் காரணமாக, மயிலிட்டி சனம் கையில் அகப்பட்டதோடு வெளியேறியது. ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் ஓலைக் குடிசையிலும் தகரக் கொட்டிலிலும் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. கடற்கரைக்கு நாலைந்து மைல் தூரத்தில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காத கடற்றொழிலாளர் பிள்ளைகள் அவர்கள். தொழில் செய்ய முடிந்த மற்றக் கரைகளிலும் பாஸ், நேரக் கட்டுப்பாடு, மோட்டருக்குக் கட்டுப்பாடு, எரிபொருளுக்குத் தடை. கப்பலேறி ஆராய்ச்சி செய்வதை அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் யாரும் நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

இழப்பின் அளவு பின்னால்தான் விளங்கியது. 1980களின் கடைசியில் தொடங்கித் தென்னிலங்கை பலநாள் படகுக்கு மாறியது. வாரக்கணக்கில் கடலில் தங்கி ஆழ்கடல் சூரையைப் பிடிக்கும் தொழில் அங்கே வேர்விட்டது. மயிலிட்டிக்கு அந்தப் பாய்ச்சல் கிடைக்கவில்லை. அறிவியலிலும் இதுதான் நடந்தது. கடற்படுகையை அகலப் பட்டையாக வரைபடமாக்கும் பலகதிர் எதிரொலிமானி பரவலானது, ஆயிரக்கணக்கான ஆர்கோ மிதவைகள் பெருங்கடலின் வெப்பத்தையும் உப்பையும் தாமே அளந்து அனுப்பத் தொடங்கியது, ஆளில்லாமல் இயங்கும் நீர்மூழ்கிக் கருவிகள் ஆழத்துக்குப் பழகியது, கடற்படுகை அதிகாரசபை 1994இல் உருவானது எல்லாம் அந்த இடைவெளிக்குள் நடந்தவை. மயிலிட்டி பூட்டிக் கிடந்த 27 ஆண்டுகளில் ஆழ்கடல் அறிவியல் புதிதாகப் பிறந்தது என்றே சொல்லலாம். படகு இழந்ததற்கு நிவாரணம் கேட்டோம், காணிக்குப் போராடினோம். இந்தப் பின்தங்கலுக்கு நிவாரணம் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. அப்போது திரும்பிவந்த முதியவர்கள் காணிக்கை மாதா கோயிலையும் தங்கள் வளவுகளையும் தேடித் திரிந்ததைப் பத்திரிகைகள் எழுதின. 2019 ஓகஸ்டில் முதற்கட்டத் திருத்த வேலை முடிந்து திறப்புவிழா நடந்தது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மூன்றாம் கட்டத்தைத் தொடக்கிவைத்தார். வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணி இன்னும் இருக்கிறது. ஆனாலும் துறை திறந்திருக்கிறது. அது பெரிய காரியம்.

இன்றைய யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அன்றைக்கு இல்லாத வாசல்கள் சில உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் கடற்றொழில் துறை என்று தனித்துறையே இருக்கிறது. 2014இல் உருவான சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது. பெண் பிள்ளைகள் கடல் சார்ந்த படிப்புக்கு வருகிறார்கள். மயிலிட்டியில் ஒரு காலத்தில் அது கேள்விப்படாத விஷயம். நாராவில் நீண்டகாலம் பெருங்கடலியல் ஆய்வு செய்த க. அருளானந்தன் போன்றவர்கள் அமெரிக்கக் கப்பலும் நாராவும் சேர்ந்து வங்கக் கடலில் செய்த பருவக்காற்று ஆய்வுகளில் பங்கெடுத்து, கட்டுரைகளில் பெயரோடு நிற்கிறார்கள். வழி அடைபட்டுப் போகவில்லை என்பதற்கு அவர்கள் சாட்சி.

பட்டம் பெற்ற பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆழ்கடலைப் படிக்கக் கப்பல் வேண்டும். 200 மீற்றருக்குக் கீழே வெளிச்சம் ஏறக்குறைய அற்றுவிடும். பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 6,000 மீற்றரில் அது 600 மடங்கு. அங்கே இறக்கும் கருவியும் அதைத் தாங்கும் கம்பியும் அதை இயக்கும் கப்பலும் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் டொலர் விழுங்குபவை. நாராவிடம் இருப்பது சமுத்திரிகா என்ற சிறிய ஆய்வுக்கலம். ஆகவே இளையவர் கரையோரக் கண்டல், களப்பு, கடலட்டை என்று கைக்கெட்டிய பொருளை எடுத்து ஆராய்கிறார். அவையும் வேண்டியவைதான்; அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆழ்கடலில் ஆசை உள்ளவரும் வேறு வழியில்லாமல் அதையே எடுக்கவேண்டியிருப்பதுதான் வருத்தம். கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போகிறவர்களில் பலர் திரும்புவதில்லை. திரும்பினாலும் தற்காலிக விரிவுரையாளர் வேலை, வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம். விண்ணப்பக் கட்டணமும் வீசாக் கட்டணமும் விமானச் சீட்டும் சொந்தச் சம்பளத்திலிருந்து போகவேண்டும்.

இது நமக்கு மட்டும் உள்ள துயரமும் அல்ல. 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனிதக் கண்ணும் கமராவும் இதுவரை பார்த்த ஆழ்கடற் தரை மொத்தத்தில் 0.001 வீதத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டது. 1958 முதல் நடந்த ஏறத்தாழ 44,000 இறக்கங்களில் 97 வீதத்தை அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகளே செய்திருக்கின்றன. பணக்காரர் வந்து மாதிரி அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளூர் ஆய்வாளர் வள்ளம் ஏற்பாடு செய்து கொடுத்ததோடு சரி. இந்தப் போக்கைப் பரசூட் விஞ்ஞானம் என்று பெயர் சொல்லிக் கண்டித்து உலகைக் கேட்கவைத்தவர்களில் முன்னணியில் நிற்பவர் நீலத்திமிங்கில ஆய்வாளர் ஆஷா டி வொஸ், ஓர் இலங்கையர். டிரினிடாட்டைச் சேர்ந்த டீவா அமொன் தன் தீவுக்கும் கிரிபாத்திக்கும் மலிவான ஆழ்கடல் கமராக்களைக் கொண்டுபோய் உள்ளூர் இளைஞரைப் பழக்கிக் காட்டினார். பெரிய கப்பலுக்காகக் காத்திராமலே தொடங்கலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

வெளிநாட்டுக் கப்பல் வந்தால் நம்மவர் ஏறலாம் என்றால், அங்கேயும் தடங்கல். சீனக் கப்பல்களின் வருகை பற்றிய இழுபறிக்குப் பிறகு 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக்கப்பல்களுக்கு இலங்கை அனுமதி நிறுத்தியது. சம பங்காளிகளாக ஆய்வில் இறங்க நம்முடைய திறனை வளர்த்துக்கொள்ளவே இந்த இடைவெளி என்று அன்றைய அரசு விளக்கம் சொன்னது. 2018இல் மீண்டும் வந்து ஆய்வு செய்துபோன நான்சென் 2025இலும் வர இருந்தது. அனுமதி நடைமுறைகள் ஆயத்தமாகாததால் அந்தப் பயணம் கைநழுவிப் போனது. நாட்டின் பாதுகாப்பு யோசிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் ஒரு பயணம் நின்றால் அமைச்சுக்கு ஒரு கோப்பு மூடுகிறது. முப்பது வயது ஆய்வாளருக்கு வாழ்க்கையில் கிடைக்கவிருந்த ஒரேயொரு கப்பலேற்றம் போய்விடுகிறது. திறன் வளர்க்கத்தான் நிறுத்தினோம் என்றால், அந்த ஆண்டில் எத்தனை இளையவரை எந்தக் கப்பலுக்குப் பயிற்சிக்கு அனுப்பினோம் என்று பாராளுமன்றத்தில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இந்தியாவிடம் இதில் கற்க ஒன்று இருக்கிறது. 2021இல் 4,077 கோடி இந்திய ரூபாயோடு ஆழ்கடல் திட்டத்தை அது தொடங்கியது. மூவரை 6,000 மீற்றருக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாகிறது. அந்தக் கலம் ஆயத்தமாகும் முன்பே, 2025 ஓகஸ்டில், அந்நிறுவன விஞ்ஞானி ஆர். ரமேஷ் பிரெஞ்சு நீர்மூழ்கியில் ஏறி அத்லாந்திக்கில் 4,025 மீற்றர் வரை இறங்கிவந்தார். சொந்தக் கலம் வரும்வரை கை கட்டிக்கொண்டு இராமல், பிறர் கலத்தில் தங்கள் ஆளைப் பழக்கிக்கொண்டார்கள்.

நாமும் அதைச் செய்யலாம். அதற்கான வாய்ப்பு மயிலிட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023இல் தொடங்கிய கப்பல் சேவை, இடையில் நின்றாலும், மீண்டும் ஓடுகிறது. நாகப்பட்டினத்தில் இறங்கினால் பறங்கிப்பேட்டை அதிக தூரமில்லை, சென்னையும் ஒரு நாள் வழிதான். இந்தியப் பெருங்கடல் நாட்டு இளையவர்களுக்கு ஹைதராபாத்தில் பெருங்கடலியல் பயிற்சி நிலையம் ஒன்று நடக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இந்த மூன்று இடங்களோடும் ஆண்டுதோறும் ஆள் அனுப்பும் நிலையான ஒப்பந்தம் செய்துகொண்டால், பறங்கிப்பேட்டையிலும் சென்னையிலும் தமிழிலேயே கேட்டுப் பேசிப் பழகக்கூடிய ஆசான்கள் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பார்கள்.

இன்னொரு யோசனை துறைமுகத்தோடு நேரே சேர்ந்தது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மீன்பிடிப் படகுகளின் வலையிலும் கயிற்றிலும் சிறிய வெப்ப, ஆழ உணரிகளைக் கட்டிவிடுகிறார்கள். மீனவர் தொழில் செய்துவிட்டு வரும்போது பெருங்கடலின் உட்கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. மயிலிட்டியிலிருந்து கிழக்கே ஆழ்கடலுக்குப் போகிற பலநாள் படகுகளில், தெற்கு என்றும் வடக்கு என்றும் பாராமல், இப்படிப் பத்து உணரிகளைக் கட்டினால் இளம் ஆய்வாளர் ஒருவர் தன் முதலாவது ஆழ்கடல் கட்டுரைக்கான தரவைக் கரையில் இருந்தபடியே சேர்த்துவிடலாம். கடற்றொழிலாளர் சங்கமும் பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் அமர ஒரு காரணமும் கிடைக்கும். நீரோட்டத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்த கிழவரும் அதை எண்ணில் பார்க்கிற மாணவியும் பேசிக்கொண்டால் இருவருக்கும் இலாபம்.

அரசிடம் கேட்கவேண்டியது இரண்டு. வெளிநாட்டு ஆய்வுக்கப்பலுக்கு அனுமதி கொடுக்கும் விதிகளை எழுதும்போது, பட்டம் பெற்றுப் பத்தாண்டுக்கு உட்பட்ட உள்ளூர் ஆய்வாளருக்கு இத்தனை இடம் என்று அதில் எழுதுங்கள். அந்த இடங்களில் யாழ்ப்பாணத்துக்கும் கிழக்குக்கும் உரிய பங்கைக் கொடுங்கள். சேர்ந்து எடுத்த மாதிரியில் ஒரு பாதி இங்கேயே தங்கவேண்டும், கட்டுரையில் அவர்கள் பெயர் வரவேண்டும் என்பதையும் நிபந்தனையாக்குங்கள். 65,610 சதுர கிலோமீற்றர் நிலமும் அதைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு கடலும் உள்ள நாட்டிடம் இதைக் கேட்பது மிகையல்ல.

கடைசியாகப் புலம்பெயர்ந்த மயிலிட்டியாருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். 1980களிலும் 90களிலும் நம் இளைஞர் நூற்றுக்கணக்கில் வட நோர்வேயின் மீன் ஆலைகளில் நின்று உழைத்துக் குடும்பங்களைக் கரைசேர்த்தார்கள். நான்சென் கப்பலை இயக்கும் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற பேர்கன் நகரிலும் நம்மவர்கள் வாழ்கிறார்கள். பிள்ளைகள் அங்கே படித்துப் பெரிய வேலைகளில் இருக்கிறார்கள். ஊர்க் கோயிலுக்கும் பாடசாலைக்கும் நீங்கள் அள்ளிக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு மாணவர் ஒரு ஆய்வுக்கப்பலில் ஒரு பயணம் போய்வர வேண்டிய வீசா, விமானச் சீட்டு, கடல் பாதுகாப்புப் பயிற்சி ஆகிய செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் எழுத உதவ, எழுதிய கட்டுரையைத் திருத்திக் கொடுக்க, அங்கே ஆய்வுத்துறையில் இருக்கும் உங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கேளுங்கள். அடுத்த ஆண்டே தொடங்கலாம்.